நீரிழிவு நோயும் ஆண்களின் பாலியல் நலமும்

நீரிழிவு நோய் கொண்ட ஆண்களிடம் தோன்றும் பாலியல் குறைபாடுகள், அந்நோயின் பரவலான பின்விளைவுகளுள் அடங்கும். எனினும் கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு இவை பேசப்படுவதில்லை. விறைப்புக் குறைபாடு, டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் குறைவு, பாலியல் நாட்டம் குன்றுதல், விந்து வெளியேறுவதில் ஏற்படும் மாற்றங்கள், குழந்தைப்பேற்றில் தடை ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இரத்தத்தில் நெடுங்காலம் மிகுந்திருக்கும் சர்க்கரை, இரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் ஹார்மோன் சுரப்பையும் பாதிப்பதால் இக்குறைபாடுகள் உண்டாகின்றன. இப்பாதிப்பின் வேதியியல் அடிப்படைகளுள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் முதன்மையானது. இக்குறைபாடுகளுக்கு முறையான மருத்துவம் உண்டு. மேலும், விறைப்புக் குறைபாடு இதய நோயின் முன்னறிவிப்பாகவும் அமையக்கூடும் என்பதால் அதனை மறைத்து வைப்பது உயிருக்கே இடர் தரலாம்.

பெயரும் வரலாறும்

நீரிழிவு என்னும் சொல் நீர் இழிதல், அதாவது சிறுநீர் மிகுதியாக வழிந்து போதல், என்னும் பொருளில் அமைந்தது. இழிதல் என்பதற்கு இறங்குதல், வழிதல் என்ற பொருள்கள் உண்டு. இங்கு அது தாழ்வைக் குறிப்பதன்று. ஆயுர்வேத, சித்த மருத்துவ மரபுகளில் இந்நோய் மதுமேகம் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் சர்க்கரை வியாதி, சுகர் என்கின்றனர்.

நீரிழிவுக்கும் பாலியல் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பு புதிதாக அறியப்பட்டதன்று. பாரசீக மருத்துவர் இபுன் சீனா 11ஆம் நூற்றாண்டில் எழுதிய மருத்துவ நூலிலேயே, நீரிழிவு நோயாளரின் பாலியல் ஆற்றல் குன்றுவது குறிக்கப்பட்டுள்ளது. இன்சுலின் 1921ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் நோயாளர்கள் நீண்ட ஆயுள் வாழத் தொடங்கினர். அதன் பின்னரே கண், சிறுநீரகம், நரம்பு, பாலியல் ஆற்றல் ஆகியவற்றில் ஏற்படும் நீண்டகாலப் பின்விளைவுகள் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தன.

நெடுங்காலம் இக்குறை ஆண்மைக்குறைவு, மலட்டுத்தன்மை போன்ற சொற்களால் சுட்டப்பட்டு வந்தது. இவை இரண்டும் ஒன்றல்ல. விறைப்பு ஏற்படாத ஒருவரின் விந்தணுக்கள் நலமாக இருக்கலாம். விறைப்பு இயல்பாக உள்ளவருக்கு விந்தணுக்கள் குறைவாக இருக்கலாம். ஆங்கிலத்திலும் ஆற்றலின்மை என்று பொருள்படும் பழைய சொல்லைக் கைவிட்டு, விறைப்புக் குறைபாடு என்னும் சொல்லைப் பயன்படுத்துமாறு 1992இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய கருத்தரங்கு பரிந்துரைத்தது. உடலுறவுக்குப் போதிய விறைப்பை அடையவோ, அதனை நிலைநிறுத்தவோ தொடர்ந்து இயலாமையே விறைப்புக் குறைபாடு ஆகும். எப்போதாவது ஒருமுறை நேர்வது நோயன்று.

பரவல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த இந்தியாப் என்னும் நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையும் உள்ளன. நாட்டின் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்க, தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடாகும். இதே ஆய்வின் முதற்கட்ட முடிவுகள் 2011இல் வெளிவந்தபோது தமிழ்நாட்டின் அளவு 10.4 விழுக்காடாக இருந்தது.

நீரிழிவு கொண்ட ஆண்களில் எத்தனை பேருக்கு விறைப்புக் குறைபாடு உள்ளது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுபடுகிறது. உலகின் பல நாடுகளில் நடந்த 145 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான பகுப்பாய்வு, ஏறத்தாழ பாதிப் பேருக்கு (52.5 விழுக்காடு) இக்குறை இருப்பதாகக் கணக்கிட்டது. இரண்டாம் வகை நீரிழிவில் இது 66.3 விழுக்காடாகவும், முதல் வகையில் 37.5 விழுக்காடாகவும் இருந்தது. வயது, நோய் நீடித்த காலம், சர்க்கரைக் கட்டுப்பாடு, புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பொறுத்து இவ்வளவு கூடும் அல்லது குறையும். நீரிழிவு உள்ள ஆண்களிடம் இக்குறை மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே தோன்றுகிறது.

இயல்பான விறைப்பு நிகழும் முறை

விறைப்பு என்பது அடிப்படையில் ஓர் இரத்த ஓட்ட நிகழ்வு ஆகும். ஆண்குறியினுள் பஞ்சு போன்ற திசுவாலான இரு நீண்ட உருளைகள் உள்ளன. சாதாரண நிலையில் இத்திசுவின் மென்தசைகள் சுருங்கியிருப்பதால் இரத்தம் குறைவாகவே உட்செல்கிறது. பாலியல் கிளர்ச்சியின்போது மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வரும் நரம்புக் குறிப்புகள், நரம்பு முனைகளில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளியிடச் செய்கின்றன. இரத்தக்குழாய்களின் உட்படலமும் இதே வாயுவை உண்டாக்குகிறது. இவ்வாயு தசை உயிரணுக்களுள் புகுந்து, சுழல் ஜி.எம்.பி. என்னும் வேதிப்பொருளைப் பெருக்குகிறது. அதனால் தசைகள் தளர்கின்றன, தமனிகள் விரிகின்றன, இரத்தம் பாய்ந்து பஞ்சுத் திசு நிறைகிறது. நிறைந்த திசு, இரத்தம் வெளியேறும் சிரைகளை அழுத்தி மூடுவதால் விறைப்பு நிலைக்கிறது. பின்னர் பி.டி.இ.5 என்னும் நொதி சுழல் ஜி.எம்.பி.யைச் சிதைக்க, விறைப்பு தணிகிறது.

இரத்தக்குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடு ஒரு செய்தி கடத்தும் மூலக்கூறாகச் செயற்படுவதைக் கண்டறிந்தமைக்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவருக்கும் 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆகவே விறைப்புக்கு நலமான நரம்பு, நலமான இரத்தக்குழாய், போதிய ஹார்மோன், அமைதியான மனம் ஆகிய நான்கும் தேவை. நீரிழிவு இந்நான்கையும் தாக்கவல்லது.

ஆக்சிஜனேற்ற அழுத்தம்

உயிரணுக்கள் குளுக்கோஸை எரித்து ஆற்றல் பெறும்போது, ஆக்சிஜனின் ஒரு சிறு பகுதி முழுமையாக நீராக மாறாமல் சூப்பராக்சைடு போன்ற வினைமிகு பொருள்களாக மாறுகிறது. இவை தனி உறுப்புகள் என்னும் வகையைச் சேர்ந்தவை. இவற்றைச் செயலிழக்கச் செய்வதற்குச் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் முதலிய பாதுகாப்புகள் உடலிலேயே உள்ளன. உற்பத்தியாகும் வினைமிகு பொருள்களின் அளவு இப்பாதுகாப்பின் திறனை விஞ்சும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படுகிறது. இக்கருத்தை 1985இல் செருமானிய உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் வரையறுத்தார்.

நீரிழிவில் இவ்வழுத்தம் மிகுவதற்கான வழிகளை அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ ஒரே விளக்கத்தின் கீழ்த் தொகுத்தார். இரத்தக்குழாய் உட்படலத்தின் உயிரணுக்கள், சர்க்கரை உள்ளே நுழைவதைத் தாமே குறைத்துக்கொள்ள வல்லவை அல்ல. எனவே இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது அவற்றின் உள்ளேயும் மிகுகிறது. அவற்றின் இழைமணிகள் கூடுதலாகச் சூப்பராக்சைடை உமிழ்கின்றன. அதன் விளைவாகச் சில தீய வேதிப்பாதைகள் தூண்டப்படுகின்றன. அவற்றால் விறைப்புக்கு நேரும் தீங்குகள் பின்வருமாறு:

- சூப்பராக்சைடு நைட்ரிக் ஆக்சைடுடன் மிக விரைவாக வினைபுரிந்து பெராக்சிநைட்ரைட்டு என்னும் நச்சுப் பொருளாகிறது. விறைப்புக்குத் தேவையான வாயு பணியாற்றுமுன்னே அழிந்துவிடுகிறது.
- மிகுதியான குளுக்கோஸ் சார்பிட்டாலாக மாற்றப்படும்போது என்.ஏ.டி.பி.எச். என்னும் துணைப்பொருள் செலவாகிறது. நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கவும், குளூட்டாதயோனைப் புதுப்பிக்கவும் இதே பொருள்தான் தேவை. ஆகவே உற்பத்தியும் பாதுகாப்பும் ஒருங்கே குறைகின்றன.
- நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதியின் துணைக்காரணி ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டால், அந்நொதி நைட்ரிக் ஆக்சைடுக்கு மாறாகச் சூப்பராக்சைடையே உண்டாக்கத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேயும் நிலை இது.
- சர்க்கரை புரதங்களுடன் ஒட்டிக்கொண்டு உருவாகும் இறுதிநிலைப் பொருள்கள், திசுக்களை விறைக்கச் செய்து, தசை இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசுவைப் பெருக்குகின்றன.

ஆண்குறித் திசுவில் இப்பாதிப்பு உண்மையில் நிகழ்வது 1989இல் நேரடியாகக் காட்டப்பட்டது. நீரிழிவு உள்ள ஆண்களிடமிருந்து அறுவையின்போது பெறப்பட்ட திசு, நரம்புத் தூண்டலுக்கும் உட்படலத் தூண்டலுக்கும் போதிய அளவு தளரவில்லை. ஆனால் நைட்ரிக் ஆக்சைடை நேரடியாகத் தரும் மருந்துக்கு அது தளர்ந்தது. தசையின் ஆற்றல் எஞ்சியிருந்தும், அதற்கு வரவேண்டிய செய்தியே குன்றியிருந்தது என்பது இதனால் புலனாயிற்று.

சர்க்கரை மிகுந்திருந்த காலத்தின் தாக்கம், அது கட்டுக்குள் வந்த பின்னும் பல ஆண்டுகள் நீடிக்கக்கூடும். இது வளர்சிதை நினைவு எனப்படுகிறது. இதனால்தான் நோய் கண்டறியப்பட்ட தொடக்க ஆண்டுகளிலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது வலியுறுத்தப்படுகிறது.

நரம்புச் சேதம்

நீண்டகால நீரிழிவில் உடலின் தன்னியக்க நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. விறைப்பைத் தூண்டும் நரம்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. பாதங்களில் மதமதப்பு, எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றல், உண்ட பின் வயிற்று உப்பிசம், சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாமை ஆகியவற்றுடன் விறைப்புக் குறைபாடும் இருந்தால் நரம்புச் சேதம் இருக்கக்கூடும்.

விந்து வெளியேறும் வேளையில் சிறுநீர்ப்பையின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். அந்நரம்புகள் பழுதானால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் செல்கிறது. உச்சநிலை உணரப்பட்டும் விந்து வெளிவராது. பின்னர்க் கழியும் சிறுநீர் கலங்கலாக இருக்கலாம். இதனால் உடலுக்குத் தீங்கில்லை. ஆனால் கருத்தரிப்புக்கு இது தடையாகும்.

ஹார்மோன்கள்

டெஸ்டோஸ்டிரோன் ஆணின் முதன்மைப் பாலியல் ஹார்மோன் ஆகும். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது லூட்டினைசிங் ஹார்மோனை வெளியிடுகிறது. அது விரைகளில் உள்ள லெய்டிக் உயிரணுக்களைத் தூண்ட, அவை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. இச்சங்கிலியின் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் சுரப்பு குறையும்.

இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பதாக 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவர்களில் பெரும்பாலோருக்குக் குறை விரைகளில் தொடங்கவில்லை. மேலிருந்து வரவேண்டிய தூண்டலே குன்றியிருந்தது. இதற்கான காரணங்களாக அறியப்படுபவை:

- வயிற்றுக் கொழுப்பு: கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்புத் திசு வெளியிடும் அழற்சிப் பொருள்களும் ஹைப்போதலாமஸின் பணியைத் தடுக்கின்றன.
- இன்சுலின் எதிர்ப்பு: இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் புரதத்தின் அளவு இதனால் குறைகிறது. எனவே மொத்த அளவு குறைவாகத் தெரியும்.
- ஆக்சிஜனேற்ற அழுத்தம்: லெய்டிக் உயிரணுக்களின் இழைமணிகளில்தான் கொலஸ்டிராலிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உருவாகும் முதற்படி நிகழ்கிறது. அவ்விழைமணிகள் பழுதானால் உற்பத்தி தளர்கிறது.
- தூக்கத்தில் மூச்சுத் தடை: பருமனான நீரிழிவு நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படும் இந்நிலையும் ஹார்மோன் சுரப்பைக் குறைக்கிறது.

இத்தொடர்பு இருவழிப்பட்டது. கொழுப்பு மிகுந்தால் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை கரைந்து கொழுப்பு மிகுகிறது. இன்சுலின் எதிர்ப்பு மேலும் வலுக்கிறது. அரிதாக, உடலில் இரும்புச்சத்து மிகுந்து கணையத்திலும் பிட்யூட்டரியிலும் படிவதால் நீரிழிவும் ஹார்மோன் குறைவும் ஒருங்கே தோன்றுவதுண்டு. இரும்பும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் வழியாகவே தீங்கு விளைவிக்கிறது.

ஹார்மோன் குறைவின் முதன்மை அடையாளம் பாலியல் நாட்டம் குன்றுதல் ஆகும். விடியற்காலை விறைப்பு மறைதல், சோர்வு, தசைத் தளர்ச்சி, மனச்சோர்வு, இரத்தச்சோகை ஆகியனவும் தோன்றலாம். நாட்டம் இயல்பாக இருந்து விறைப்பு மட்டும் குன்றினால் காரணம் பெரும்பாலும் இரத்தக்குழாயிலோ நரம்பிலோ இருக்கும்.

விந்தணுக்களும் குழந்தைப்பேறும்

விந்தணுவின் மேலுறையில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் மிகுந்துள்ளன. விந்தணுவுக்குத் தன் டி.என்.ஏ.வைப் பழுது நீக்கும் திறனும் மிகக் குறைவு. ஆகவே ஆக்சிஜனேற்ற அழுத்தம் அதனை எளிதில் தாக்குகிறது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், நீரிழிவு உள்ள ஆண்களின் விந்தணுக்களில் டி.என்.ஏ. சிதைவு 52 விழுக்காடாகவும், நீரிழிவு இல்லாதவர்களிடம் 32 விழுக்காடாகவும் இருந்தது. நுண்ணோக்கியில் காணும் எண்ணிக்கையும் அசைவும் இயல்பாகத் தோன்றியபோதும் இவ்வேறுபாடு இருந்தது குறிப்பிடத்தக்கது.

குழந்தையில்லாத தம்பதியரில் பெண்ணை மட்டுமே பரிசோதிக்கும் வழக்கம் தவறானது என்பதற்கு இது மேலும் ஒரு சான்றாகும். கணவருக்கு நீரிழிவு இருப்பின் அவரது சர்க்கரை அளவும், விந்துப் பரிசோதனையும் தொடக்கத்திலேயே பார்க்கப்பட வேண்டும். நீரிழிவு உள்ள ஆண்களில் பலர் இயல்பாகவே தந்தையாகின்றனர். பின்னோக்கிச் செல்லும் விந்தையும் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்துக் கருத்தரிப்புக்குப் பயன்படுத்த இயலும்.

மனநிலை, மருந்துகள், தொற்றுகள்

நோய் பற்றிய கவலையும், ஒருமுறை தோல்வியுற்றபின் தோன்றும் அச்சமும் குறைபாட்டை மிகுவிக்கும். அச்சத்தால் சுரக்கும் அட்ரினலின் தமனிகளைச் சுருக்குவதே இதற்குக் காரணம். விந்து இழப்பால் உடல் நலிவுறும் என்னும் நம்பிக்கையும் இந்தியத் துணைக்கண்டத்தில் பலரை வாட்டுகிறது. இந்நிலைக்கு 1960இல் மனநல மருத்துவர் என். என். விக் தாத்து நோய்க்குறித் தொகுதி என்று பெயரிட்டார். விந்து இழப்பு நீரிழிவுக்கோ உடல் நலிவுக்கோ காரணமன்று.

சில வகை இரத்த அழுத்த மருந்துகளும், மனச்சோர்வு மருந்துகளும் விறைப்பைக் குறைக்கலாம். அவற்றைத் தாமாக நிறுத்துதல் கூடாது; மருத்துவரிடம் கூறி மாற்று மருந்து பெற இயலும். புகையிலையும் மிகுதியான மதுவும் தனித்தனியே இக்குறையை உண்டாக்க வல்லவை.

ஆண்குறியின் முன்தோலில் அடிக்கடி தோன்றும் பூஞ்சைத் தொற்று, வெடிப்பு, தோல் பின்வாங்க இயலாமை ஆகியன பலருக்கு நீரிழிவின் முதல் அறிகுறியாகவே அமைகின்றன. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளை உட்கொள்வோர் இத்தொற்றைத் தவிர்க்க அவ்விடத்தைத் தூய்மையாகவும் உலர்வாகவும் வைத்திருத்தல் வேண்டும்.

இதய நோயின் முன்னறிவிப்பு

ஆண்குறித் தமனியின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மி.மீ. ஆகும். இதயத் தமனியின் விட்டம் 3 முதல் 4 மி.மீ. உட்படலப் பழுதும் கொழுப்புப் படிவும் உடல் முழுவதும் ஒருங்கே நிகழ்ந்தாலும், குறுகிய குழாயில் அதன் விளைவு முதலில் தெரிகிறது. எனவே விறைப்புக் குறைபாடு தோன்றிச் சில ஆண்டுகள் கழித்தே நெஞ்சுவலி தோன்றுவதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வில் இவ்விடைவெளி சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்றே மிகுதியாக இருந்தது.

நீரிழிவு நோயாளருக்கு நரம்புச் சேதத்தால் நெஞ்சுவலி உணரப்படாமலே மாரடைப்பு ஏற்படலாம். அத்தகையோருக்கு விறைப்புக் குறைபாடே கிடைக்கும் ஒரே எச்சரிக்கையாக இருக்கக்கூடும். ஆகவே இக்குறையுடன் வரும் நீரிழிவு நோயாளரின் இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், புகைப்பழக்கம், இதய நிலை ஆகியவற்றை மதிப்பிடுதல் இன்றைய மருத்துவ நெறியாகும். கூச்சத்தால் மறைக்கப்படும் ஒரு செய்தி, மாரடைப்பைத் தடுக்கக் கிடைத்த சில ஆண்டுகளை வீணாக்கிவிடக்கூடும்.

கண்டறிதல்

நோயாளருடன் தனிமையில் பேசுவதே முதல் படியாகும். குறை எப்போது தொடங்கியது, திடீரென்றா மெதுவாகவா, விடியற்காலை விறைப்பு உண்டா, நாட்டம் எப்படி உள்ளது என்பவை கேட்கப்படும். ஐந்து வினாக்கள் கொண்ட ஒரு மதிப்பீட்டுப் படிவமும் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் முழு மதிப்பெண் 25. 21 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் விறைப்புக் குறைபாடு இருப்பதாகக் கொள்ளப்படும்.

இரத்தச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு அளவுகள், சிறுநீரகச் செயற்பாடு ஆகியவை சோதிக்கப்படும். டெஸ்டோஸ்டிரோன் அளவு காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருப்பதால், காலை வேளையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கப்படும். ஒரே சோதனையை வைத்து முடிவு செய்யாமல், வேறொரு நாளிலும் சோதித்து உறுதிப்படுத்த வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் இருப்பதைப் பலர் குறைவு எனக் கொள்கின்றனர். குறைவாக இருப்பின் லூட்டினைசிங் ஹார்மோன், புரோலாக்டின் ஆகியவையும் பார்க்கப்படும்.

மருத்துவம்

வாழ்க்கை முறை

எடைக் குறைப்பு, நாள்தோறும் நடைப்பயிற்சி, புகையிலையைக் கைவிடுதல், போதிய உறக்கம் ஆகியன அனைத்து மருத்துவத்துக்கும் அடித்தளம். இவை சர்க்கரையைக் குறைப்பதோடு ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் குறைத்து, டெஸ்டோஸ்டிரோனையும் உயர்த்துகின்றன. விறைப்புக் குறைபாடு கொண்ட 110 பருமனான ஆண்களை (இவர்களுக்கு நீரிழிவு இல்லை) இத்தாலியில் ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வில், உணவு முறையையும் உடற்பயிற்சியையும் தீவிரமாகப் பின்பற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாண்டில் மருந்தின்றியே இயல்பு நிலையை அடைந்தனர்.

மாத்திரைகள்

சில்டெனாஃபில் 1998ஆம் ஆண்டு மார்ச்சு 27 அன்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதுவும் டாடாலாஃபில் முதலியனவும் பி.டி.இ.5 நொதியைத் தடுத்து, சுழல் ஜி.எம்.பி. சிதையாமல் காக்கின்றன. இவை தாமாக விறைப்பை உண்டாக்குவதில்லை. பாலியல் கிளர்ச்சியும், ஓரளவு நைட்ரிக் ஆக்சைடும் இருந்தால்தான் பயன் தரும். அதனால் நீரிழிவு நோயாளரிடம் இவற்றின் பயன் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவு. நீரிழிவு உள்ள 268 ஆண்களிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், சில்டெனாஃபில் பெற்றவர்களில் 56 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 10 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டனர்.

இம்மாத்திரைகளை நைட்ரேட்டு மருந்துகளுடன் ஒருபோதும் சேர்த்து உட்கொள்ளக் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குத் தாழும். இம்மாத்திரையை உண்டவர் நெஞ்சுவலியுடன் மருத்துவமனைக்குச் செல்ல நேரிட்டால், உண்டதை மறைக்காமல் கூறுதல் வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன்

அறிகுறிகளும் இருந்து, இருமுறை சோதனையிலும் அளவு குறைவாக இருந்தால் மட்டுமே இது தரப்படுகிறது. ஆத்திரேலியாவில் 1007 ஆண்களிடம் இரண்டாண்டு நடந்து 2021இல் வெளியான ஆய்வில், வாழ்க்கை முறை மாற்றத்துடன் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கும், ஊசி பெறாதவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் ஆய்வின் முடிவில் நீரிழிவு இருந்தது. எனினும் ஊசி பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இரத்தச் சிவப்பணுக்களின் அடர்த்தி வரம்பு மீறியது. ஆகவே நீரிழிவைத் தடுப்பதற்கென இது பரிந்துரைக்கப்படுவதில்லை.

வெளியிலிருந்து தரப்படும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். குழந்தை வேண்டுவோர் இதனை எடுத்துக்கொள்ளக் கூடாது. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்ப்பதற்காகப் போடப்படும் ஊசிகளுக்கும் இது பொருந்தும்.

பிற முறைகள்

மாத்திரைகள் பயனளிக்காதபோது வெற்றிடக் கருவி, ஆண்குறியில் தாமே போட்டுக்கொள்ளும் ஆல்ப்ரோஸ்டாடில் ஊசி, அறுவை மூலம் பொருத்தப்படும் செயற்கை உள்ளுறுப்பு ஆகியவை உள்ளன. அறுவைக்கு முன் தொற்று ஏற்படாதிருக்கச் சர்க்கரை கட்டுக்குள் இருத்தல் வேண்டும்.

எதிர் ஆக்சிஜனேற்றிகள்

ஆக்சிஜனேற்ற அழுத்தமே காரணமெனில் எதிர் ஆக்சிஜனேற்ற மாத்திரைகள் அதனைத் தீர்க்கும் என்பது இயல்பாக எழும் எண்ணம். ஆனால் இதயக் குழாய் நோயோ நீரிழிவோ கொண்ட 20,536 பேரிடம் ஐந்தாண்டு நடந்து 2002இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் ஆகியவற்றால் மாரடைப்போ இறப்போ குறையவில்லை. தனி உறுப்புகள் உயிரணுவின் உள்ளே ஓயாமல் உற்பத்தியாகும்போது, வெளியிலிருந்து தரும் வைட்டமின் அவ்விடத்தை அவ்வேகத்தில் எட்டுவதில்லை என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். ஊற்றை அடைக்காமல் நீரை இறைப்பது போன்றது இது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதே ஊற்றை அடைக்கும் வழியாகும். காய்கறி, கீரை, பயறு, நிலக்கடலை, நெல்லிக்காய் போன்ற உணவுகள் வேறு பல காரணங்களாலும் நன்மை தருவன.

தமிழ்நாட்டுச் சூழல்

இந்தியாவில் நீரிழிவு மருத்துவத்தின் வளர்ச்சியில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. நாட்டின் முதல் நீரிழிவுப் புறநோயாளர் பிரிவை மருத்துவர் மா. விசுவநாதன் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கினார். சென்னை ஆய்வாளர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை ஆராய்ந்தது. மூன்றாண்டுகளில் நோய் வருவதை வாழ்க்கை முறை மாற்றம் 28.5 விழுக்காடு குறைத்தது. இந்நோய் தவிர்க்கக்கூடியதே என்பதற்கு இது தமிழ் மண்ணிலிருந்து கிடைத்த சான்றாகும்.

நகர்ப்புறத்தைவிடச் சிற்றூர்களில் இக்குறை பற்றிப் பேசுதல் கடினம். அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த திருமழபாடியை இத்தகைய ஊருக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இப்பாடல் பெற்ற தலத்தின் இறைவன் வைத்தியநாதர் என்று வணங்கப்படுகிறார். இங்குள்ள நோயாளர் சிறப்பு மருத்துவம் வேண்டின் தஞ்சாவூருக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ செல்வது வழக்கமாக இருந்தது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டபின் மாவட்டத்துக்குள்ளேயே அவ்வாய்ப்பு விரிந்தது. தமிழ்நாடு அரசு 2021 ஆகத்து 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் நீரிழிவு, உயர் இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. எனினும் இப்பணியைச் செய்யும் தன்னார்வலர்கள் பெண்கள். பெரும்பாலும் அவ்வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் பாலியல் குறையைக் கூற ஆண்கள் தயங்குவது இயல்பே. அத்தகையோர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரிடமோ, மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவிலோ தனியே பேசக் கேட்கலாம். நோயாளரின் செய்தியை வெளியிடாமல் காப்பது மருத்துவரின் கடமையாகும்.

இத்தயக்கத்தைப் பயன்படுத்தி வாழ்வோரும் உளர். நகரங்களின் தங்கும் விடுதிகளில் குறிப்பிட்ட நாள்களில் முகாமிட்டு, ஆண்மைக்குறைவுக்கும் சர்க்கரைக்கும் நிரந்தரத் தீர்வு தருவதாகச் சுவரொட்டிகளிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்வோர் இவ்வகையினர். இவ்விளம்பரங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம், பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாகவும், நீரிழிவைக் குணப்படுத்துவதாகவும் மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடை செய்துள்ளது.

மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் பொடிகளிலும் உருண்டைகளிலும் சில்டெனாஃபில் மறைவாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் சோதனைகளால் கண்டறியப்பட்டுள்ளது. இதய நோய்க்கு நைட்ரேட்டு உட்கொள்பவர் இதனை அறியாமல் உண்டால் உயிரிழக்க நேரிடும். முறையாகத் தயாரிக்கப்படாத பற்பம், செந்தூரம் ஆகியவற்றில் உள்ள ஈயமும் பாதரசமும், நீரிழிவால் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சித்த மருத்துவத்தை நாட விரும்புவோர் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளிலோ, பதிவு பெற்ற சித்த மருத்துவர்களிடமோ செல்வதும், தாம் உட்கொள்ளும் பிற மருந்துகளை அவர்களிடம் கூறுவதும் பாதுகாப்பானவை. இன்சுலினையும் சர்க்கரை மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்லும் எவருடைய அறிவுரையும் ஏற்கத்தக்கதன்று.

மருத்துவரை நாடவேண்டிய நிலைகள்

நீரிழிவு உள்ள ஆண்கள் பின்வரும் நிலைகளில் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுகுதல் வேண்டும்:

- விறைப்புக் குறைபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தல்
- குறைபாட்டுடன் நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், மூச்சிரைப்பு, கெண்டைக்கால் வலி தோன்றுதல்
- பாலியல் நாட்டம் முற்றிலும் மறைந்து, சோர்வும் மனச்சோர்வும் தொடர்தல்
- ஓராண்டு முயன்றும் மனைவி கருத்தரிக்காமை
- மாத்திரை உண்டபின் விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாதிருத்தல் (இது உடனடி மருத்துவம் வேண்டும் நிலை)
- பிறப்புறுப்புப் பகுதியில் காய்ச்சலுடன் கூடிய வீக்கம், கடும் வலி, தோல் கறுத்தல் (இதுவும் உடனடி மருத்துவம் வேண்டும் நிலை)

நீரிழிவுக்கான வழக்கமான பரிசோதனையில் கண்ணும் பாதமும் ஆண்டுதோறும் பார்க்கப்படுவது போலவே, பாலியல் நலம் குறித்தும் மருத்துவர் தாமே ஆண்டுக்கொரு முறை கேட்க வேண்டும் என்று பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டல்கள் கூறுகின்றன. மருத்துவர் கேட்காதபோது நோயாளரோ, அவருடைய மனைவியோ அதனைத் தொடங்கிவைக்கலாம்.